நீலாம்பாள் அடித்த பந்து எங்கே விழுந்தது

படுகைக்குடியில் வீரையனைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லமாட்டார்கள். தன் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிடுவார். அடுத்தவன் வரப்பை ஒரு விரற்கடைகூடச் செதுக்கமாட்டார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புவார். ஒரே ஒரு விஷயத்தில்தான் ஊர் அவரை நம்பாது. அவருடைய அக்கா நீலாம்பாள் காவிரியின் தென்கரையில் நின்று அடித்த கோல்ஃப் பந்து, ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரை மூங்கில் கொத்தையும் தாண்டிப் போனது என்று அவர் சொல்வார். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்கிறார். ஊரில் எவனாவது கொஞ்சம் கூடுதலாக அளந்துவிட்டால் போதும், "சரிதான், வீரையன் பந்து மாதிரி போய்க்கிட்டே இருக்கு" என்று அடுத்தவன் சொல்லிவிடுவான். அவரை வைத்துக்கொண்டே சொல்வார்கள். அவரும் சிரித்துவைப்பார். உள்ளுக்குள் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஊரையும் குற்றம் சொல்வதற்கில்லை. காவிரி அந்த இடத்தில் ஒன்றும் வாய்க்கால் இல்லை. கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும்போது நடந்து கடந்தாலே, வாயில் போட்ட வெற்றிலை சக்கையாகிவிடும். இரண்டு பக்கமும் படுகை வேறு. அதற்கு மேல் கரை, கரை மேல் மூங்கில். இத்தனையையும் தாண்டி ஒரு பெண்பிள்ளை பந்து அடித்தாள் என்றால் எவன் தலையாட்டுவான்?

நீலாம்பாளை நன்றாகப் பழகித் தெரிந்தவர்களாக இருந்தால் ஆட்டியிருப்பார்கள். கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்து, பாபநாசத்தில் படித்து, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்டவள் அவள். படுகைக்குடி பஸ் நிறுத்தத்தில் ஷூ போட்ட காலுடன் இறங்கிய முதல் பெண். நல்ல உயரம், அதற்கேற்ற கை. சின்ன வயதில் நடவு வயலில் அவள் நாற்று முடியை வீசினால் அது வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் போய் விழும். "ஏண்டி, அது நம்ம வயல் இல்லடி" என்று நடவுக்காரப் பெண்கள் கத்துவார்கள்.

நீலகிரி மலையில் வேலை பார்த்தபோது, அங்கிருந்த டாக்டர்கள் கோல்ஃப் ஆடுவதை வேடிக்கை பார்க்கப் போனாள். நீயும் ஒரு அடி அடித்துப் பார் என்று யாரோ மட்டையைக் கையில் கொடுத்தார்கள். அடித்தாள். பந்தை எடுத்துவரப் போனவன் திரும்பிவர வெகு நேரம் ஆயிற்றாம். அன்றையிலிருந்து பிடித்துக்கொண்டது. ஆனால் பந்தைக் குழிக்குள் தள்ளுகிற வேலையில் அவளுக்குப் பொறுமை கிடையாது. குழி கிட்டே வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தமாதிரி சோர்ந்துபோவாள். தூரம் போகணும், அவ்வளவுதான் அவளுக்கு. அதனால் போட்டிகளில் பெரிதாக ஜெயித்ததில்லை. ஆனால் அவள் அடிக்க நின்றால், பக்கத்தில் ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து நிற்பார்களாம்.

லீவில் வரும்போதெல்லாம் மரத்தலை வைத்த நீள மட்டை ஒன்றைப் பழைய புடவையில் சுற்றி எடுத்து வருவாள். கோடையில் ஆற்று மணல்தான் அவளுக்கு மைதானம். கரை மேட்டில் நாவல் மரத்தடியில் நின்று ஆற்றின் நீளவாக்கில் கிழக்கே அடிப்பாள். அப்போது இருபத்திரண்டு வயதான வீரையன் மணலில் தூரத்தில் நின்று பந்து பொறுக்கிக்கொண்டு வருவார். மணலில் பந்து தொலையாது. விழுந்த இடத்தில் அப்படியே குந்திக்கொள்ளும்.

அந்தச் சித்திரை மாதத்தில் ஒரு நாள், சாயங்கால ரயிலுக்கு அவள் கிளம்ப வேண்டும். தெற்கத்திக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள், காலையிலிருந்தே மேளச் சத்தம். கடைசிப் பந்தை வைத்துவிட்டு அவள் கிழக்கே பார்க்காமல் வடக்கே திரும்பி நின்றாள்.

"இதைத் தாண்டிருமாடா?"

"எதைக்கா?"

"ஆத்தை."

வீரையன் ஆற்றுக்கு நடுவில் நின்றுகொண்டு சிரித்தார். அவள் அடிப்பதில் அவசரமே இருக்காது. மட்டை மெதுவாகப் பின்னால் போகும். எதையோ எங்கேயோ மறந்து வைத்துவிட்டதை நினைத்துக்கொண்டதுபோல மேலே ஒரு கணம் நிற்கும். அப்புறம் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் வரும். பந்து வீரையனின் தலைக்கு மேலே போனது. இறங்கும் இறங்கும் என்று பார்த்தால் ஏறிக்கொண்டே போனது. மூங்கில் கொத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் மேளம் நின்றது. அடிக்கிறவன் கையை யாரோ பிடித்துக்கொண்டமாதிரி, பாதியில் நின்றது.

ஓடிப்போய்க் கரையேறிப் பார்த்தார். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் முள்வேலி. வேலிக்குள் பெரிய பண்ணையின் கோடை நெல். தெரியாத ஊரில், தெரியாத பண்ணைக்குள், அவர் தெருப் பையன் ஒருவன் கால் வைக்கிற காலமில்லை அது. மூங்கில் தூரில் தேடிவிட்டுத் திரும்பினார். "காணோம்கா, தாண்டிருச்சுக்கா" என்று மூச்சு வாங்கச் சொன்னபோது அவள் மட்டையைப் புடவையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "காத்து அடிச்சுதுடா, நானா அடிச்சேன்?" என்றாள். அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் அதே பதில்தான். அடித்தவளே சாட்சி சொல்லாவிட்டால், பந்து பொறுக்கியவன் சொன்னால் எடுபடுமா?

நீலாம்பாள் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் இருந்தாள். போன பங்குனியில் இறந்துபோனாள். வருஷம் திரும்பும் சமயத்தில் அவளுடன் வேலை பார்த்த பூர்ணிமா வீரையனுக்குப் போன் செய்தாள். மலையில் பழைய சிநேகிதர்கள் எல்லாம் சேர்ந்து நீலாம்பாள் பேரில் ஒரு வெள்ளிக் கோப்பை வைக்கப் போகிறார்களாம். வருஷத்துக்கு ஒருமுறை, யார் அதிக தூரம் அடிக்கிறார்களோ அந்தப் பெண்ணுக்கு. நீலாம்பாள் அடித்ததிலேயே பெரிய அடி எது என்று கோப்பையில் பொறிக்க வேண்டும்.

"ஆத்தைத் தாண்டின அடியைப் போடுங்கக்கா" என்றார் வீரையன்.

"அதைத்தான் தம்பி நானும் சொன்னேன். கமிட்டியில கேக்குறாங்க, எங்க விழுந்துச்சு, விழுந்ததை யாரு பார்த்தான்னு. நீங்க பார்த்தீங்களா?"

"போனதைப் பார்த்தேங்க்கா."

"போனதை நீங்க பார்த்தீங்க. விழுந்ததைப் பார்த்த ஆள் இல்லாம எப்படிப் போடுறது? மைதானத்துல அளந்த தூரம் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுடலாமா?"

"வேண்டாம், ஒரு வாரம் பொறுங்க" என்றார் வீரையன். போனை வைத்தபிறகுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. முப்பத்தைந்து வருஷமாகப் பந்து போனதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது எங்கே போனது என்று ஒரு தடவையாவது எதிர்க்கரைக்குப் போய் விசாரித்தோமா? பந்தைத் தேடிப் போகாதவன் பேச்சை ஊர் ஏன் நம்ப வேண்டும்? அக்காவின் பெயருக்குக் கீழே அந்தப் பழைய, சின்ன தூரத்தைப் பொறித்துவிட்டால், அவர் சொன்னது பொய்யென்று வெள்ளியிலேயே எழுதிவைத்தமாதிரி ஆகிவிடும். அதை அவரால் தாங்க முடியாது.

மறுநாள் காலையில், அக்காவின் பையில் மிச்சமிருந்த பந்து ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். பாலம் வழியாக வண்டியில் போயிருக்கலாம். பந்து போன வழியே போகவேண்டும் என்று ஆசை. மணல் முன்போல இல்லை. குழியும் மேடும் நாணலுமாகக் கிடந்தது. எதிர்க்கரை ஏறுவதற்குள் முழங்கால் இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன.

கரைச் சாலையில் அப்துல் ஹமீது என்பவர் டீக்கடை வைத்திருந்தார். பெஞ்சில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் இளைஞர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஒரு விஷயம் கேக்கணும். சிரிக்கக் கூடாது" என்றார் வீரையன்.

"டீக்கடையில அந்த உறுதி யாரும் தர முடியாதுங்க. கேளுங்க."

"முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முந்தி, சித்திரை மாசம், இந்தப் பக்கம் வெள்ளையா ஒரு பந்து வந்து விழுந்துச்சா?"

அப்துல் ஹமீது சிரிக்கத்தான் செய்தார். "நம்ம ஊர்ல மேலேர்ந்து வந்து விழுந்தது ஒண்ணே ஒண்ணுதாங்க. காத்தான் குருவி."

போனிலிருந்து தலையெடுக்காமலே இளைஞரும் சிரித்தார். துண்டு போட்டவர் மட்டும் சிரிக்கவில்லை. காத்தான் குருவி என்றால் என்ன என்று வீரையன் கேட்டார். யாராவது செய்துவிட்டுச் செய்யவில்லை என்று சாதித்தால், இந்த ஊரில் அப்படிச் சொல்வது வழக்கம் என்றார் பாய். சொல்லிவிட்டுத் துண்டு போட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வீரையன் அதைக் கவனிக்கவில்லை. இங்கேயும் ஒருவன் பேர் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, தன் கதையை ஆரம்பித்தார். நாவல் மரம், மரத்தலை மட்டை, தெற்கத்திக் காற்று, ஒன்றும் விடவில்லை.

"அக்கா அடிச்சாங்க. பந்து மூங்கிலைத் தாண்டிப் போச்சு. இங்க ஏதோ திருவிழா மேளம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. அது அப்படியே நின்னுபோச்சு."

படுகைக்குடியில் இந்த இடத்தில்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பந்துக்காக மேளமும் நின்றதா என்பார்கள். இங்கே துண்டு போட்டவர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நின்னுச்சு," என்றார். "மேளம் நின்னுச்சு. என்னாலதான் நின்னுச்சுன்னு சொன்னாங்க. நான்தாங்க காத்தான்."

"வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். வீரையன் பின்னாலேயே போனார். இளைஞரும் கூடவே வந்தார். அவர் காத்தானின் தம்பி மகன், பெயர் தமிழ்மாறன், அந்தத் தெருவின் இளைஞர் மன்றத் தலைவர்.

கரையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில், ஒரு வயல் தலைமாட்டில் பழைய மோட்டார் கொட்டகை ஒன்று இருந்தது. இருபக்கமும் சரிந்த ஓட்டுக் கூரை. தெற்குச் சரிவில், தலை நுழையாத அளவில் ஓர் ஓட்டை. அதற்கு நேர் கீழே, உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தது. கொட்டகை நிழலில் காத்தானின் மனைவி குந்தவை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவரைப் பார்த்து "வாங்க" என்றாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

காத்தான் அந்த ஓட்டையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த வருஷம் சுற்றிலும் தரிசு, பண்ணையில் மட்டும் கோடை நெல் பால் பிடித்து நின்றது. வட்டாரத்துக் குருவியெல்லாம் அங்கேதான். குருவி ஓட்டுகிற வேலை காத்தானுக்கு. கொட்டகைக்குக் கிழக்கே பரண் போட்டு, கையில் கவணோடு உட்கார்ந்திருப்பார். அன்று காலையில் காப்புக் கட்டுக்குப் போகணும் என்று கேட்டதற்குப் பண்ணையார், "குருவி லீவு விட்டா நீ போ" என்று சொல்லிவிட்டார். காத்தானுக்குச் சுருக்கென்று கோபம் வந்து ஏதோ பதில் பேசிவிட்டார். நாலு பேர் அதைக் கேட்டார்கள்.

"மத்தியானம் பரண் மேல நின்னுக்கிட்டு இருக்கேன். மூங்கிலுக்கு மேல ஒரு வெள்ளைக் குருவி வந்துச்சுங்க. றெக்கையே அடிக்கல. நானும் எத்தனையோ குருவி ஓட்டியிருக்கேன், அந்த மாதிரி வரத்து பார்த்ததில்ல. நேரா கதிருக்குத்தான் வருதுன்னு கவணைச் சுத்தினேன். கல்லை விடுறதுக்குள்ள அது ஓட்டுல இறங்கிருச்சு. படார்னு ஒரு சத்தம்."

உள்ளே கயிற்றுக் கட்டிலில் பண்ணையார் படுத்திருந்தார். தலைமாட்டில் இருந்த தண்ணீர்ப் பானை உடைந்து அவர் மேல் கொட்டியது. கொலை, கொலை என்று கத்திக்கொண்டு பக்கத்திலிருந்த கோயில் வரைக்கும் நனைந்த வேட்டியோடு ஓடினார். மேளம் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது பரண் மேல் காத்தான் கையில் கவணோடு நின்றிருந்தார்.

"கல்லு கவணுக்குள்ளயே இருந்துச்சுங்க. எடுத்துக் காட்டினேன். அது ரெண்டாவது கல்லுன்னாங்க. ஓட்டை தெக்குப் பக்கம் இருக்கு, நான் கிழக்க இருந்தேன், பாருங்கன்னேன். தெக்க ஆறுதான் இருக்கு, ஆறு கல்லெறியுமான்னாங்க. வெள்ளைக் குருவின்னேன். ஊரே சிரிச்சுது. உள்ள என்னதான் விழுந்துச்சுன்னு ஒருத்தரும் தேடல. ஆளு கிடைச்சதும் தேடுறதை விட்டுட்டாங்க. அப்புறம் நான் தேடினேன். மோட்டார் தொட்டியைச் சுத்தி ஒரே சேறு, ஒண்ணும் அகப்படல."

மாரியம்மன் கோயில் வாசலில் வைத்துப் பண்ணையார் காலில் விழச் சொன்னார்கள், விழுந்தார். ஊரில் வேலை கிடைக்கவில்லை. திருவாரூர்ப் பக்கம் செங்கல் சூளையில் பல வருஷம் கிடந்தார். பண்ணை துண்டு துண்டாக விலைக்கு வந்தபோது இந்தத் துண்டை வாங்கினார்.

"நல்ல நிலம் மேக்கால இருந்துச்சு. கொட்டகை இதுலதான இருக்கு? அதுக்காகத்தான் இதை வாங்கினேன். ஓட்டை என் சாட்சி. மழை பெஞ்சா வாளி வைப்பேனே தவிர ஓடு மாத்த விடமாட்டேன்."

வீரையனுக்கு அந்த ஓட்டையைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. இங்கே விழுந்திருக்கிறது, அக்கா அடித்த பந்து இங்கே விழுந்திருக்கிறது! திரும்பிப் பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்ததும் துள்ளல் அடங்கிப்போய், வெட்கமாக இருந்தது. தான் பெருமை பேசிக்கொண்டு திரிந்த அதே அடிக்காக ஒரு மனிதன் கோயில் வாசலில் குப்புற விழுந்திருக்கிறான்.

"எங்கக்காவுக்குத் தெரியாதுங்க" என்றார். "தெரிஞ்சிருந்தா ரயிலை விட்டுட்டு அன்னிக்கே ஆத்துல எறங்கி வந்திருப்பாங்க."

"அவங்க மேல எனக்கென்னங்க கோவம்?" என்றார் காத்தான். "அது குருவி இல்லேன்னா வேற என்னன்னு தெரியாமத்தான் எனக்குத் தூக்கம் போச்சு. பொம்பளையா அடிச்சாங்க? எப்படி இருப்பாங்க? ரொம்ப உசரமா? எந்தக் கைப் பழக்கம்?"

அவர் கேட்கக் கேட்க வீரையன் சொன்னார். தன் ஊரில் ஒருவர்கூட இப்படி ஆசையாகக் கேட்டதில்லை. பந்து எவ்வளவு பெரிசு என்று கேட்டபோது சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். காத்தான் அதை உள்ளங்கையில் உருட்டினார், பொடிப் பொடிக் குழிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு வயல் பக்கம் நகர்ந்து, கவண் சுற்றிப் பழகிய கையால் முழு வீச்சில் மேலே எறிந்தார். அது ஏறி, வெயிலில் ஒருமுறை பளிச்சென்று தெரிந்து, இறங்கியது. அண்ணாந்து பார்த்தவர் தலையைக் குனியவே இல்லை.

"இதேதான்" என்றார். "றெக்கை இல்லாதது."

வீரையன் அங்கேயே நின்று பூர்ணிமாவுக்குப் போன் போட்டு, சத்தமாக வைத்துக் காத்தான் கையில் கொடுத்தார். பூர்ணிமா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கமிருந்து வந்தது, எங்கே இறங்கியது. காத்தான் நிதானமாகப் பதில் சொன்னார். இந்தக் கேள்விகளை அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டும் என்று வீரையனுக்குத் தோன்றியது. குந்தவையின் முறச் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

"போதும்யா" என்றாள் பூர்ணிமா கடைசியில். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "காத்து அடிச்சுதுன்னு என்கிட்டயும் சொல்லி ஏமாத்திட்டாளே. கெஜக் கணக்கே வேண்டாம் தம்பி. காவிரியின் அக்கரை வரைன்னு போட்டுடறேன். ஆனா ஒண்ணு, அந்த ஓட்டையை யாரும் தொடாதீங்க. நான் வந்து என் கண்ணால பார்க்கணும்."

போன் நின்றதும் தமிழ்மாறன் காத்தான் பக்கத்தில் வந்தார். முகத்தில் சந்தோஷமே இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும். அன்று கால் பிடிக்க வைத்த பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்குக் காத்தான் என்றால் பண்ணையார் தலைக்குக் குறிவைத்த வீரர். மன்றத்தின் ஆண்டு விழாவில் வருஷா வருஷம் மேடையேற்றித் துண்டு போர்த்துவார்கள். அவர் எறியவில்லை என்று சொன்னால், எவ்வளவு அடக்கம் பார் என்று இன்னும் பலமாகக் கை தட்டுவார்கள்.

"பெரியப்பா, இது இங்கயோட இருக்கட்டும்" என்றார் தமிழ்மாறன். "உங்க பேரைச் சொல்லித்தான் நாங்க தலை நிமிர்ந்து பேசுறோம். பந்துதான் விழுந்துச்சுன்னு தெரிஞ்சா என்ன மிச்சம்?"

காத்தான் அவர் பக்கம் திரும்பினார்.

"எறியணும்னு தோணாம இல்லடா. தோணுச்சு. அந்த ஆள் பேசின பேச்சுக்கு எறிஞ்சிருந்தாலும் தப்பில்ல. ஆனா எறியல. எறிஞ்சிருந்தா எறிஞ்சேன்னு அந்தக் கோயில் வாசல்லயே நிமிர்ந்து சொல்லியிருப்பேன், கால்ல விழுந்திருக்கமாட்டேன். எறியாதவன் என்னத்தைச் சொல்லி நிமிர்றது? அன்னிக்கு அவங்க நம்பல. இன்னிக்கு நீங்க நம்பல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அப்போதுதான் குந்தவை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் பக்கத்து ஊர்க்காரி. பண்ணையார் மேல் கல்லெறிந்தவன் என்று கேள்விப்பட்டுத்தான், கட்டிக்கொண்டால் இவரைத்தான் என்று அடம்பிடித்துக் காத்தானைக் கட்டிக்கொண்டவள். ஊருக்கே தெரிந்த சங்கதி அது.

"கல்யாணமான மறுநாள் சொன்னீங்களே" என்றாள். "நான் எறியல புள்ள, வெள்ளையா என்னமோ வந்துச்சுன்னு."

"ஆமா."

"அது நெசமா?"

"நெசந்தான்."

அவள் ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "கேஸுக்குப் பயந்துக்கிட்டு என்கிட்டகூட மறைக்கிறீங்கன்னு நெனைச்சேன். நான் சிரிச்சேனே" என்றாள். "அதுக்கப்புறமும் எத்தனை வாட்டி சொன்னீங்க. ஒவ்வொரு வாட்டியும் சிரிச்சேனே."

குந்தவை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் போய்க் கூரை ஓடு ஒன்றை எடுத்து வந்தாள். எப்போதாவது மாற்ற விடுவார் என்று என்றைக்கோ வாங்கி வைத்தது. பாசி படிந்திருந்தது.

"ஏணியை எடுங்க" என்றாள் கணவனிடம். "இனிமே அந்த ஓட்டை எதுக்கு உங்களுக்கு? நான் நம்புறேன்."

காத்தான் மறு பேச்சில்லாமல் போய் ஏணியைத் தூக்கி வந்து சாத்தினார். பூர்ணிமா வந்து பார்க்கிறவரைக்குமாவது இருக்கட்டும் என்று சொல்ல வீரையன் வாயெடுத்தார். அக்காவின் அந்த அடியில் அவர் கண்ணால் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான். காலையில் ஆற்றில் இறங்கியபோது இதைத் தேடித்தானே வந்தார்? போனிலாவது படம் பிடித்துக்கொள்ளலாமா என்று பையைத் தடவினார். ஏணியின் முதல் படியில் கால் வைத்த காத்தானின் முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாகத் தோளில் வைத்திருந்த பெரிய மூட்டை ஒன்றை இறக்கப் போகிறவன் முகம் அது. வீரையன் பையிலிருந்து கையை எடுத்து, ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காத்தான் மேலே ஏறி, உடைந்த ஓட்டின் மிச்சத்தை உருவிக் கீழே கொடுத்தார். வீரையன் அதை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, குந்தவை நீட்டியதை மேலே கொடுத்தார். அதை வைப்பதற்கு முன் காத்தான் கூரை மேல் நிமிர்ந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தெற்கே பார்த்தார். மூங்கில் கொத்து இப்போது முன்னளவு அடர்த்தியில்லை.

"உங்க நாவல் மரம் தெரியுதுங்க" என்றார்.

"தூரமா இருக்கா?" என்று கீழேயிருந்து கேட்டார் வீரையன்.

"ரொம்ப தூரங்க" என்றார் காத்தான். "சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."